விண்வழி இணையமும் முகவரித் தேடலும்

கூரையின்மீது வானை நோக்கிச் சாய்ந்து நிற்கும் தட்டு அலைவாங்கி, இன்று சிற்றூர்களிலும் காணக்கிடைக்கும் பொருளாகிவிட்டது. நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், ஓரிடத்தில் நிலைத்து நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளை அது வாங்கித் தருகிறது. வாங்குவது மட்டுமே அதன் வேலை. ஒரு சொல்லைக்கூட மேலே திருப்பி அனுப்ப அதனால் இயலாது. தொலைக்காட்சிக்கு அது போதும். நிலையத்தார் அனுப்புகின்றனர், வீட்டார் பார்க்கின்றனர்.

இணையத்தின் இயல்பு வேறு. அங்கே ஒரு கணினி கேட்கிறது, மற்றொன்று விடையளிக்கிறது. ஒரே ஒரு பக்கம் திரையில் விரிவதற்குள் வினாக்களும் விடைகளும் பலமுறை பரிமாறப்படுகின்றன. ஒருபக்கமாக மட்டுமே பேசும் ஒளிபரப்பு வழியில், கேட்டும் பேசியும் இயங்கும் இணையத்தை எவ்வாறு செலுத்துவது? 1990களின் நடுவில் எழுந்த இவ்வினாவுக்கு முறையான விடைகளை வகுத்து முடிக்கப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. பெரிய கோப்புகளை அனுப்புவது அதில் கடினமான பகுதியன்று. ‘இந்த முகவரிக்கு உரிய கருவி எது?’ என்னும் மிகச் சிறிய வினாவே பொறியாளர்களைப் பெரிதும் அலைக்கழித்தது.

கம்பி எட்டாத இடங்கள்

கடலடி வடங்களும் கண்ணாடி இழை வடங்களும் பெருநகரங்களை இணைத்துவந்த காலத்தில், தீவுகளும் மலைநாடுகளும் தொலைவிலுள்ள கல்லூரிகளும் அவ்வலைக்கு வெளியே நின்றன. செயற்கைக்கோளின் அலை விழும் பரப்பிலோ ஒரு நாடே அடங்கும். சில வேளைகளில் ஒரு கண்டத்தின் பெரும்பகுதியும் அடங்கும். அப்பரப்பில் எங்கே தட்டை நிறுத்தினாலும் அலை கிடைக்கும்.

ஆனால், மேல்நோக்கி அனுப்பும் நிலையம் அமைப்பது எளிதன்று. ஆற்றல்மிக்க அலைபெருக்கி வேண்டும்; துல்லியமாகத் திசைப்படுத்திய அலைவாங்கி வேண்டும்; அரசின் உரிமமும் வேண்டும். பெறும் கருவியோ தொலைக்காட்சிக்காகக் கோடிக்கணக்கில் செய்யப்பட்டதால் மலிவாகக் கிடைத்தது. ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட டி.வி.பி. என்னும் எண்ணியல் ஒளிபரப்புத் தரம் உலகின் பெரும்பகுதியில் வழக்கிற்கு வந்திருந்தது. இந்திய வீடுகளுக்கு வரும் டி.டி.எச். சேவைகளும் அத்தரத்தின் வழியில் அமைந்தவையே. அம்மலிவான கருவியையே இணையத்துக்கும் பயன்படுத்தும் எண்ணம் தோன்றியது இயல்பானது.

அமெரிக்காவில் ஹியூஸ் நிறுவனம் 1996-இல் தொடங்கிய டைரக்பிசி என்னும் சேவை இதற்குத் தொடக்ககால எடுத்துக்காட்டு. பயனரின் வேண்டுகோள் தொலைபேசிக் கம்பி வழியாக மோடம் மூலம் செல்லும். விடை மட்டும் நொடிக்கு 4 லட்சம் பிட்டு வேகத்தில் வானிலிருந்து இறங்கும். கேட்பது ஒருவழி, பெறுவது மற்றொருவழி. ஓர் ஊரில் அஞ்சலிட்ட கடிதத்தில், விடை வேறோர் ஊருக்கு வரவேண்டும் என்று குறிப்பிடுவதைப் போன்றது இது. வேண்டுகோளில் அனுப்புநராகக் குறிக்கப்பட்ட முகவரி செயற்கைக்கோள் நிலையத்தைச் சார்ந்தது. ஆதலால், விடைகள் யாவும் அந்நிலையத்தை நாடிச் சென்று அங்கிருந்து வானேறின.

188 பைட்டுப் பெட்டி

டி.வி.பி. ஒளிபரப்பு, எம்பெக்-2 என்னும் தரத்தைச் சேர்ந்த சிறு பெட்டிகளின் தொடர்வண்டி எனலாம். ஒவ்வொரு பெட்டியும் 188 பைட்டு நீளமுடையது. முதல் 4 பைட்டு தலைப்பு. எஞ்சிய 184 பைட்டு சரக்கு. வழியில் நேரும் பிழைகளைத் திருத்துவதற்காக மேலும் 16 பைட்டு சேர்க்கப்பட்டு, 204 பைட்டாக அது வானேறுகிறது. தலைப்பில் 13 பிட்டு நீளமுள்ள பொதி அடையாள எண் ஒன்று உண்டு. 0 முதல் 8191 வரை அமையும் அவ்வெண்ணே, ‘இது இன்ன அலைவரிசையின் படம்; இது அதன் ஒலி’ என்று பெறுகருவிக்கு உணர்த்துகிறது. அனுப்புவதற்கு ஒன்றும் இல்லாதபோதும் வண்டி நிற்பதில்லை. 8191 என்னும் எண்ணிட்ட வெற்றுப் பெட்டிகள் ஓடிக்கொண்டேயிருக்கும்.

இணையத்தின் தரவுப்பொதி பெரும்பாலும் 1500 பைட்டு வரை நீளும். அதை 184 பைட்டுத் துண்டுகளாக வெட்டி, ஒன்பது பெட்டிகளில் ஏற்றவேண்டும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யாருக்கு உரியது என்னும் குறிப்புகளையும் உடன் சேர்க்கவேண்டும். இச்செயலுக்கு உறையிடல் என்று பெயர்.

முதலில் வந்த உறையிடல் முறை, தொலைக்காட்சிக்குரிய அட்டவணைகளை அனுப்புவதற்கென வகுத்திருந்த படிவத்தையே எடுத்தாண்டது. பழைய படிவத்தில் புதிய செய்தியை நிரப்பும்போது நேர்வது இங்கும் நேர்ந்தது. பெறுகருவியின் 6 பைட்டு முகவரிக்கு ஒரே இடத்தில் போதிய கட்டம் இல்லை. கடைசி இரண்டு பைட்டு முன்னே ஓரிடத்திலும், மற்ற நான்கு பின்னே வேறோரிடத்திலுமாக, வரிசை மாறிச் சிதறின. கணினிக்கு இது பெருந்தடையன்று. நிரல் எழுதுவோருக்குத்தான் தலைவலி.

2005-ஆம் ஆண்டு டிசம்பரில், ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோரி ஃபேர்ஹர்ஸ்ட், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் கொல்லினி-நோக்கர் ஆகியோர் எளிய உறை ஒன்றை இணையப் பொறியியல் பணிக்குழுவின் வழியாக வெளியிட்டனர். அதில் தலைப்பு 4 பைட்டு, பிழையறி எண் 4 பைட்டு, தேவையானால் மட்டும் முகவரி 6 பைட்டு. ஒரு பெட்டியில் மிஞ்சிய இடத்தில் அடுத்த பொதியைத் தொடங்கவும் அதில் முறையான வழி இருந்தது. 40 பைட்டு அளவேயுள்ள ஒப்புகைச் செய்திகள் இணையத்தில் மிகுதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப்பெட்டியை ஒதுக்கினால் இடம் பெரிதும் வீணாகும். புதிய உறையில் ஒரே பெட்டியில் அத்தகைய மூன்று அடங்கின. செயற்கைக்கோளின் ஒவ்வொரு பிட்டுக்கும் வாடகை உண்டு என்பதால் இது சிறிய சிக்கனமன்று.

யார் இந்த முகவரிக்கு உரியவர்?

இணையத்தில் இருவகைத் தேடல்கள் உள்ளன. அவற்றை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண்முகவரியைப் பெறுவது முதல்வகை. அது ஒரு பெயரேட்டைப் புரட்டுவது போன்றது. அந்த எண்முகவரியை, அதாவது ஐ.பி. முகவரியை உடைய கருவி, ஒரே வலையில் இணைந்துள்ள பல கருவிகளுள் எது என்று கண்டறிவது இரண்டாம் வகை. ஒவ்வொரு கருவிக்கும் ஆக்கும்போதே பொறிக்கப்படும் 48 பிட்டு வன்பொருள் முகவரி உண்டு. ஐ.பி. முகவரியை வன்பொருள் முகவரியோடு பொருத்துவதே இங்குப் பேசப்படும் முகவரித் தேடல்.

பள்ளிக் கணினி அறையில் இது எளிதாக நடைபெறுகிறது. 1982-இல் வகுக்கப்பட்ட ஏ.ஆர்.பி. என்னும் நெறிமுறையின்படி, ஒரு கணினி ‘இந்த ஐ.பி. முகவரி யாருடையது?’ என்று வலை முழுவதும் கேட்கும்படி வினவும். உரிய கணினி ‘என்னுடையது, என் வன்பொருள் முகவரி இது’ என்று விடைகூறும். வினவியது அதைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். ஓர் அறைக்குள் ஒருவர் பெயர் சொல்லி அழைக்க, மற்றவர் கைதூக்குவதற்கு இது நிகர்.

இதே முறையை ஒளிபரப்புச் செயற்கைக்கோளில் கையாண்டால் என்ன ஆகும்? தரைநிலையம் அழைக்கும். ஆயிரக்கணக்கான பெறுகருவிகளின் செவியில் அது விழும். உரியது அதை அறிந்துகொள்ளும். ஆனால், தூக்கிய கை தரைநிலையத்தின் கண்ணுக்குத் தெரியாது. மேலே செல்லும் வழிதான் இல்லையே. தொலைபேசி வழியாக விடையளிக்கலாம் என்றாலும் தடை தீர்வதில்லை. ஏ.ஆர்.பி. செய்தி ஒரே வலைக்குள் மட்டும் உலவுவது. பல திசைவிகளைக் கடந்து தொலைவிலுள்ள நிலையத்தை அடைய அதற்கு வழியில்லை.

சிக்கல் அத்தோடு முடியவில்லை. வன்பொருள் முகவரி தெரிந்தாலும், அக்கருவி எந்தப் பொதி அடையாள எண்ணைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிந்தாகவேண்டும். தனக்குரியதாகக் குறித்துவைத்த எண்களைத் தவிர மற்றவற்றைப் பெறுகருவி படிக்காமலே தள்ளிவிடும். அதற்கும் முன்னால், ஒரு செயற்கைக்கோளில் உள்ள பல அலைத்தொகுதிகளுள் எதில் அது இசைந்திருக்கிறது என்பதும் தெரியவேண்டும். கணினி அறையில் ஒன்றாக இருந்த வினா, வானில் மூன்றாகப் பெருகுகிறது: எந்த அலைத்தொகுதி, எந்த அடையாள எண், எந்த வன்பொருள்?

கேளாமலே சொல்லுதல்

2007-ஆம் ஆண்டு ஜூலையில் ஃபேர்ஹர்ஸ்டும் மரி-ஜோசே மோன்பெட்டியும் எழுதி வெளியிட்ட ஆவணம் ஒன்று, இவ்வினாக்களுக்கு அதுவரை நடைமுறையில் இருந்த விடைகளை ஒருங்கே ஆராய்ந்தது. அவற்றுள் மிக எளியது, ஒவ்வொரு கருவியிலும் பணியாளர் ஒருவர் எண்களைக் கையால் பதிந்துவைப்பது. பத்துக் கருவிகளுக்கு அது போதும், பத்தாயிரத்துக்குப் போதாது.

மற்றொன்று, ஒளிபரப்பின் இயல்பையே துணையாகக் கொண்டது. கேட்க முடியாதவருக்குக் கேளாமலே சொல்லிவிடுவதே அம்முறை. ‘இன்ன ஐ.பி. முகவரிகளுக்கு உரிய தரவு, இன்ன அலைத்தொகுதியில், இன்ன அடையாள எண்ணில் வருகிறது’ என்னும் அட்டவணையைத் தரைநிலையம் தரவோடு தரவாக மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். புதிதாக இயக்கப்பட்ட கருவி எதையும் வினவாது. அட்டவணை வரும்வரை காத்திருந்து படித்து, தனக்குரிய எண்ணில் செவிசாய்க்கும். தொடர்வண்டி நிலையத்து அறிவிப்புப் பலகையில் ‘எந்த வண்டி, எந்த நடைமேடை’ என்பதைப் பயணி படித்துக்கொள்வதைப் போன்றது இது.

அறிவிப்புப் பலகைக்குள்ள இடர் இதற்கும் உண்டு. ஒரு நிலையத்தின் தொடரை மற்றொரு நிலையம் பெற்று, வேறு அலைவரிசைகளோடு கலந்து மீண்டும் அனுப்பும்போது, எண் மோதாமலிருக்க அடையாள எண்களை மாற்றிவிடுவது உண்டு. நடைமேடை மாறியும் பலகை மாறாவிட்டால் பயணி வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். இங்கும் அவ்வாறே, தரவு வந்துகொண்டேயிருக்கும். கருவி அதை அறியாது. அட்டவணையை எத்தனை முறை அனுப்புவது என்பதிலும் ஓர் இழுபறி உள்ளது. அடிக்கடி அனுப்பினால் தரவுக்குரிய இடம் குறையும். அரிதாக அனுப்பினால் புதிய கருவி நெடுநேரம் காத்துக்கிடக்கும்.

வினாவே தேவைப்படாத ஓர் இனமும் உண்டு. ஒரே தரவைப் பலருக்கு ஒருசேர அனுப்பும் குழுப்பரப்பலில், குழுவின் ஐ.பி. முகவரியிலிருந்தே வன்பொருள் முகவரியைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால், குழுமுகவரியில் மாறக்கூடிய பிட்டுகள் 28. வன்பொருள் முகவரியில் அவற்றுக்கு ஒதுக்கிய இடம் 23. ஐந்து பிட்டுகள் விடுபடுவதால், 32 குழுக்கள் ஒரே வன்பொருள் முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே, வந்தது தன் குழுவுக்கு உரியதுதானா என்பதைக் கருவி ஐ.பி. முகவரியைப் பார்த்து மறுமுறையும் உறுதிசெய்ய வேண்டியுள்ளது.

ஒருவழியை இருவழியாக்குதல்

பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பானின் வைட் திட்டத்தாரும் வேறொரு வழியைக் கண்டனர். 2001-ஆம் ஆண்டு மார்ச்சில் தரமாக வெளியான அவர்களுடைய முறை, ஒருவழிப் பாதையை இருவழிப் பாதையாகக் கணினிகளை நம்பச் செய்தது எனலாம். பெறுநிலையம் செயற்கைக்கோளை நோக்கி அனுப்ப நினைக்கும் செய்தியை, அதன் இணைப்புக் கருவியே முழுதாக ஓர் உறையிலிட்டு, தரைவழி இணைப்பின் ஊடாக அனுப்புநிலையத்துக்குச் சேர்ப்பிக்கும். இத்தகைய பாதைக்குச் சுரங்கவழி என்று பெயர். அனுப்புநிலையம் உறையைப் பிரித்து, அச்செய்தி வானிலிருந்தே வந்ததாகக் கொள்ளும். அனைவரும் கேட்கவேண்டிய செய்தியாயின் அதை மீண்டும் வானேற்றும். ஏ.ஆர்.பி. உள்ளிட்ட பழைய நெறிமுறைகள் ஒரு வரியும் மாறாமல் இதில் இயங்கின.

சுரங்கவழியின் மறுமுனை எங்கே உள்ளது என்பதைப் பெறுநிலையம் எவ்வாறு அறியும்? அதையும் அனுப்புநிலையமே சிறு இடைவெளியில் மீண்டும் மீண்டும் வான்வழியே அறிவித்துக்கொண்டிருந்தது. பெறுநிலையங்கள் பெருகப் பெருக முகவரி வினாக்களும் பெருகி ஒளிபரப்பில் இடம்பிடிக்கும் என்பதே இம்முறையின் குறை.

இம்முறை ஏட்டளவில் நிற்கவில்லை. கெய்யோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 2001-இல் தொடங்கிய எஸ்.ஓ.ஐ. ஏசியா என்னும் கல்வித்திட்டம், இந்தோனேசியா, லாவோஸ், மியான்மர் முதலிய நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கு விரிவுரைகளைச் செயற்கைக்கோள் வழியே கொண்டுசென்றது. அனுப்பும் வசதியுள்ள நிலையம் அமைக்க இயலாத பல்கலைக்கழகங்கள், பெறும் கருவியை மட்டும் நிறுவி இத்திட்டத்தில் இணைந்தன. விரிவுரையின் படமும் குரலும் குழுப்பரப்பலாக ஒரே ஒருமுறை வானேறி எல்லா வகுப்பறைகளிலும் இறங்கின; மாணவரின் வினா, அங்கிருந்த மெல்லிய தரைவழி இணைப்பில் திரும்பிச் சென்றது. பத்து வகுப்பறைகளுக்கு அனுப்பினாலும் நூறு வகுப்பறைகளுக்கு அனுப்பினாலும் விரிவுரைக்கு வானில் தேவைப்படும் இடம் ஒன்றே. கம்பிவழி இணையத்துக்கு எளிதில் வாய்க்காத இச்சிறப்பு ஒளிபரப்புக்கு இயல்பாகவே அமைந்தது. கல்விக்கென்றே இந்தியா எஜுசாட் செயற்கைக்கோளை 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியதும் ஒளிபரப்பின் இவ்வாற்றலைக் கருதியே.

தொலைவின் விலை

அலை ஒளியின் வேகத்தில் சென்றாலும், செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்க ஏறத்தாழ கால் நொடி ஆகிறது. வினாவும் விடையும் வான்வழியே சென்றால் அரை நொடி. இணையத்தின் போக்குவரத்து நெறிமுறை, தன் பழைய வடிவில், ஒப்புகை வரும்வரை 65,535 பைட்டுக்கு மேல் அனுப்பாது. அரை நொடிக்கு ஒருமுறை அவ்வளவுதான் என்றால், ஒரு தொடர்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் பிட்டு. ஒரு தொலைக்காட்சி அலைத்தொகுதியோ நொடிக்கு 3 கோடியே 80 லட்சம் பிட்டு வரை சுமக்க வல்லது. பாதை அகலமாக இருந்தும் வண்டி ஒப்புகைக்காகக் காத்து நின்றது. ஒப்புகைக்கு முன் அனுப்பத்தக்க அளவைப் பெருக்கிக்கொள்ளும் வழி 1992-இலேயே வகுக்கப்பட்டிருந்தது; தரைநிலையத்தில் நின்று பெறுநருக்கு மாற்றாக முன்கூட்டியே ஒப்புகை தரும் இடைக்கருவிகளும் பின்னர் வந்தன.

அனைவருக்கும் விழும் கடிதம்

ஒளிபரப்பில் ஒருவருக்கு அனுப்பும் தரவும் அப்பரப்பிலுள்ள அனைவருடைய அலைவாங்கியிலும் விழுகிறது. ‘இது எனக்குரியதன்று’ என்று கருவி அதைத் தள்ளிவிடுவது ஒரு பண்பாடே தவிர, பூட்டன்று. தள்ளாமல் படிக்குமாறு கருவியை மாற்றியமைக்கலாம். 2020-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வீட்டுத் தொலைக்காட்சிக்குரிய மலிவான கருவிகளைக் கொண்டே, கப்பல்களுக்குச் செல்லும் மறையாக்கம் செய்யப்படாத தரவுகளைப் படிக்க முடியும் என்று மெய்ப்பித்தனர்.

அதைவிட நுட்பமான தீங்கு ஒன்றைக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2015 செப்டம்பரில் வெளிப்படுத்தியது. டர்லா என்று பெயரிடப்பட்ட உளவுக் குழு, ஒருவழிச் செயற்கைக்கோள் இணையத்தைப் பயன்படுத்துவோரின் ஐ.பி. முகவரிகளை வானலையில் ஒட்டுக்கேட்டு அறிந்தது. தாம் வேவுபார்த்த கணினிகளைத் திருடிய தரவுகளை அம்முகவரிகளுக்கே அனுப்புமாறு செய்தது. அத்தரவு செயற்கைக்கோள் வழியே இறங்கியது. முகவரிக்கு உரியவரின் கணினி, தான் கேளாத தரவு என்று அதைத் தள்ளிவிட்டது. அதே அலைப்பரப்பில் வேறெங்கோ தட்டு வைத்திருந்த குழுவினர் அதை எடுத்துக்கொண்டனர். தேடிச் சென்ற புலனாய்வாளருக்கு ஏதுமறியாத ஒருவரின் முகவரியே கிடைத்தது. முகவரி இன்னாருடையது என்பதை ஒளிபரப்பு வலையில் எளிதில் உறுதிசெய்ய முடியாமையே அவர்களுக்கு மறைவிடமாயிற்று.

இப்போது பல பெறுநிலையங்கள் தாமே மேல்நோக்கி அனுப்பும் வசதியைப் பெற்றுள்ளன. அவை இணையும்போதே தரைநிலையத்திடம் பதிவுசெய்துகொள்வதால், எந்தக் கருவி எங்குள்ளது என்பதை நிலையம் முன்னரே அறிந்திருக்கிறது. டி.வி.பி. தரத்தின் இரண்டாம் தலைமுறைக்காக 2007-இல் வந்த பொதுத்தொடர் உறையிடல் முறை 188 பைட்டுப் பெட்டியையே கைவிட்டது. அதில் முகவரிக்கு 6 பைட்டும் தரலாம், 3 பைட்டும் தரலாம். அடுத்தடுத்த பொதிகள் ஒரே கருவிக்கு உரியவையாயின் முகவரியை மீண்டும் எழுதாமலே விடலாம்.